உப்புக் கடலோரம் ஒரு நல்ல தண்ணீர் ஊற்று

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)

இறைவார்த்தை: திருத்தூதர் பணிகள் 28:1-10



பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை வட்டாரத்தில் வாழும் நமக்கு விடுமுறைப் பயணம் என்றவுடன் இரண்டு இடங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒன்று கொடைக்கானல் மலை, மற்றொன்று இராமேசுவரம் தீவு. மலைக்குப் போனால் தங்குவதற்கு அறை வேண்டும், செலவு கூடும். தீவுக்குப் போனால் இரவே வீடு திரும்பிவிடலாம். எனவே அன்பியமாகச் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கிறோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்புகிறோம். தேவிபட்டினம், இராமநாதபுரம், மண்டபம் கடந்து பாம்பன் பாலத்தில் வேன் ஏறியதும் பெரியவர், சிறியவர் எல்லாரும் சன்னல் பக்கம் சாய்கிறோம். அந்தத் தீவும் நம் சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்ததுதான். 1987-இல் நம் மறைமாவட்டம் உருவானபோதே சிவகங்கை மாவட்டத்துச் செம்மண்ணும் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடல் மணலும் ஒரே குடும்பமாயின.

போகுமுன்பே பார்க்க வேண்டிய இடங்களை எழுதிக்கொள்கிறோம். பாலம், அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம், தங்கச்சிமடம், கடைசியில் தனுஷ்கோடி, அரிச்சல்முனை. ஒவ்வொன்றிலும் இறங்கி, படம் எடுத்து, ஏறி, அடுத்த இடம். இப்படிப் போகும் நமக்கு, நாம் எழுதி வைக்காத ஒன்றை இறைவன் வழியில் வைத்திருந்தால் அதை நாம் கவனிப்போமா? இன்றைய இறைவார்த்தை நம்மிடம் கேட்கும் கேள்வி இதுதான்.

பவுல் அடியார் ஒரு தீவுக்குப் போன கதை திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. அவர் உல்லாசப் பயணம் போகவில்லை. கைதியாக, காவலோடு, உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். கப்பலில் 276 பேர். புயல் அடிக்கிறது. பல நாள் சூரியனும் தெரியவில்லை, விண்மீனும் தெரியவில்லை. பதினான்கு நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் தவிக்கிறார்கள். கப்பல் மணல்திட்டில் மோதி உடைகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், தெரியாதவர்கள் பலகையைப் பற்றிக்கொண்டும் கரை சேர்கிறார்கள். எந்தக் கரை என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. கரையேறிய பிறகுதான் அதன் பெயர் மால்தா என்று அறிகிறார்கள்.

இந்தப் பகுதியை எழுதிய லூக்கா, 'அவர்கள்' என்று எழுதாமல் 'நாங்கள்' என்றே எழுதுகிறார். நனைந்து நடுங்கியவர்களுள் அவரும் ஒருவராக நின்று பேசுகிறார். அவர் நினைவில் முதலாவதாகப் பதிந்தது என்ன தெரியுமா? அந்தத் தீவின் மலையோ துறைமுகமோ அல்ல. மழையும் குளிருமாக இருந்த அந்த நேரத்தில், மொழி தெரியாத அந்த ஊர் மக்கள் தீ மூட்டி அத்தனை பேரையும் அருகில் அழைத்து உட்கார வைத்ததுதான். சாதாரணமாக யாரும் காட்டாத அளவுக்கு அன்பு காட்டினார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த மக்களைக் குறிக்க அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், கிரேக்கம் பேசத் தெரியாத வெளியாள் என்று பொருள்படுவது. படித்தவர்கள் சற்று இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. அந்தச் சொல்லையும் பேரன்பு என்ற சொல்லையும் லூக்கா ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டார்.

அன்பிற்குரியவர்களே, இனி நம் தீவுக்கு வருவோம்.

தனுஷ்கோடி நம் முன்னோருக்குப் பழக்கமான ஊர். 1914-இல் பாம்பன் இரயில் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். பிறகு மறுபடியும் இரயிலில் கொழும்பு. கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு நகரத்தார், அவர்கள் கடைகளுக்குக் கணக்கெழுதப் போன பிள்ளைகள், மண்டபம் முகாமில் காத்திருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன நம் புதுக்கோட்டை, இராமநாதபுரம் சீமை ஏழைகள் என எத்தனையோ பேர் அந்தத் துறையில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் தேக்குத் தூண்களுக்கும் மலையகத்து லயத்து வீடுகளின் கண்ணீருக்கும் அந்த மணல் ஒரு வாசலாக இருந்தது.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு இரண்டே நாள்கள். அந்த இரவில் வீசிய புயலும் எழும்பிய அலையும் தனுஷ்கோடியை அழித்துவிட்டன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில், ஊரை நெருங்கும் வேளையில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. இரயில் நிலையம், அஞ்சல் நிலையம், சுங்க அலுவலகம், வீடுகள் எல்லாம் போயின. அங்கிருந்த நம் ஆலயத்தின் கூரையும் போயிற்று. பவளப் பாறைக் கற்களால் கட்டிய சுவர்களில் ஒரு பகுதியும், பீடம் இருந்த இடமும் மட்டும் நிற்கின்றன. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

இப்போது நல்ல சாலை வந்துவிட்டது. 2017 முதல் அரிச்சல்முனை வரை வேனிலேயே போய் இறங்கலாம். அதற்குமுன் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். சாலை வந்ததால் கூட்டமும் வந்தது. இடிந்த ஆலயத்தின் முன் நின்று படம் எடுக்காதவர்கள் குறைவு. திருமணப் படம் எடுக்க வருபவர்களும் உண்டு. அங்கே படம் எடுப்பதில் குற்றம் இல்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

நம் பக்கத்துப் பங்குகளிலிருந்து நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மே மாதத்தில் அங்கே போயிருந்தோம். உச்சி வெயில். கொண்டுபோன தண்ணீர் பாட்டில்கள் பாம்பனிலேயே தீர்ந்துவிட்டன. கூட வந்த சிறுவன் ஒருவன் தண்ணீர் கேட்டு அழத் தொடங்கினான். ஆலயத்துக்கு அப்பால் ஓலைக் குடிசைகள் தெரிந்தன. அங்கே ஒரு பெண் மணலில் குந்தியிருந்து எதையோ அள்ளிக்கொண்டிருந்தார். நெருங்கிப் போனபோதுதான் அது ஊற்று என்று தெரிந்தது. முழங்கால் அளவு ஆழத்துக்கு ஒரு குழி. அடியில் கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர். அதைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரத்தில் கடல். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. இரண்டும் உப்பு. நடுவில் இந்தக் குழித் தண்ணீர் மட்டும் நம் ஊர் ஊருணித் தண்ணீர்போல் இனித்தது.

பாதி நிறைந்த குடத்திலிருந்து அவர் முதலில் சிறுவனுக்குக் கொடுத்தார். அடுத்து, எங்களோடு வந்திருந்த வயதான ஆச்சியைப் பார்த்து, "இப்படி நெழல்ல உக்காருங்க ஆத்தா" என்று ஒரு பலகையைத் தட்டிப் போட்டார். பிறகு எங்கள் எல்லாருக்கும் ஊற்றினார். குடம் காலியாகிவிட்டது. எங்களில் ஓர் இளைஞர் குழிக்குள் இறங்கி, சீக்கிரம் ஊறட்டும் என்று கையால் ஆழமாகப் பறிக்கப் போனார். "ஆழமாத் தோண்டாதீகண்ணே, உப்பு ஏறிரும். கொஞ்சம் பொறுத்தா தானா ஊறும்" என்றார் அந்தப் பெண். இன்னொருவர் பணம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "தண்ணிக்குக் காசு வாங்குனா ஊத்து வத்திப்போகும்னு எங்க அப்பத்தா சொல்லும். பாசி, சங்கு வேணும்னா பாருங்க, அதுக்குக் காசு வாங்கிக்கிறேன்" என்று சிரித்தார். அவருடைய அப்பத்தா அந்தப் புயல் இரவில் மணல்மேட்டில் கிடந்து உயிர் பிழைத்தவராம்.

எதிர்பாராமல் நாங்கள் கண்ட காட்சி இதுதான். பாலத்தையும் ஆலயத்தையும் அரிச்சல்முனையையும் பார்க்கப் போன எங்களுக்கு, அந்தத் தீவின் மிகப் பெரிய காட்சி முழங்கால் அளவு ஆழமுள்ள ஒரு குழிக்குள் இருந்தது.

அந்த ஊற்று எப்படி இனிக்கிறது? இது புதுமை என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டாம். படைத்தவர் வைத்திருக்கும் ஒழுங்கு அதைவிட அழகானது. பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. கடல் தண்ணீர் உப்பால் கனத்தது. நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கூடுதல் எடை. மழைத் தண்ணீர் லேசானது. எனவே மணலுக்குள் இரண்டும் சந்திக்கும்போது, நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டி, தேவைக்கு மட்டும் அள்ளினால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ, மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ, கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஒருமுறை ஏறினால் அது இறங்க நெடுநாள் ஆகும். பள்ளிப் பாடத்தில் நாம் படிக்கக்கூடிய இந்த உண்மையை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அவருடைய அப்பத்தாவும் அதற்கு முந்தியவர்களும் அந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்ததால்தான் அந்த மணலில் இன்னும் குடிசைகள் நிற்கின்றன.

நமக்கும் இது புரியாத செய்தி அல்ல. செட்டிநாடு மழையை நம்பிய வறண்ட பூமி. இங்கே வீடு கட்டியவர்கள் முற்றத்தில் விழும் மழையைக்கூட அண்டாவில் பிடித்தார்கள். ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். அதில் கால் கழுவக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, குடிக்க மட்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். ஊருக்கு உதவும் நல்லவரின் செல்வத்தைத் திருவள்ளுவர் நீர் நிறைந்த ஊருணிக்குத்தான் ஒப்பிட்டார். காரைக்குடித் தண்ணீரின் சுவையைப் பற்றி வெளியூர்க்காரரிடம் பெருமை பேசாத காரைக்குடிக்காரர் உண்டா? அந்தத் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணறுகள் எங்கே கொண்டுபோய்க்கொண்டிருக்கின்றன என்று நாம் சிந்திக்க வேண்டும்.

ஆனால் இன்று இறைவார்த்தை நம்மை இன்னும் ஒரு படி உள்ளே அழைக்கிறது. மால்தாவில் பவுல் கொடுப்பவராக இறங்கவில்லை, பெறுபவராக இறங்கினார். உலகெங்கும் நற்செய்தி அறிவித்த திருத்தூதர், மொழி தெரியாத மக்கள் மூட்டிய தீயில் குளிர் காய்ந்தார். சமாரியாவிலும் நம் ஆண்டவர் அப்படித்தான் செய்தார். வாழ்வளிக்கும் தண்ணீர் தம்மிடம் இருந்தும், களைத்துப்போய்க் கிணற்றோரம் உட்கார்ந்து, ஊரார் ஒதுக்கிய ஒரு பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கேட்டதனால் அந்தப் பெண் நிமிர்ந்தார். கொடுப்பதற்கு என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று ஓர் ஏழை உணரும் இடத்தில் இறையாட்சி தொடங்கிவிடுகிறது.

பவுலும் பெற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. லூக்கா ஒரு சிறு செய்தியைத் தவறாமல் எழுதுகிறார். தீ அணையாமல் இருக்க, பவுல் தாமே சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து போட்டார். அந்தச் சுள்ளியிலிருந்துதான் பாம்பு வந்து அவர் கையைப் பற்றியது. அதைக் கண்ட தீவு மக்கள் முதலில் அவரைக் கொலைகாரர் என்றார்கள். ஒன்றும் ஆகாததைக் கண்டு, இவர் தெய்வம் என்றார்கள். இரண்டும் தவறு. அவர் சுள்ளி பொறுக்க வந்த ஒரு மனிதர். வெளியூரிலிருந்து வந்தவரைப் பேயாகவோ தெய்வமாகவோ பார்க்காமல், நம்மைப்போல ஒரு மனிதராகப் பார்க்கப் பழகுவதற்கு அவர்களுக்கு மூன்று மாதம் கிடைத்தது. அதற்குள் பவுல் தீவின் தலைவருடைய தந்தையின் காய்ச்சலையும் வயிற்றுக் கடுப்பையும் குணமாக்கினார். மற்ற நோயாளிகளும் வந்தார்கள். புறப்படும்போது, வழிக்குத் தேவையானதையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

2022 மார்ச் மாதத்தில், இலங்கையில் பால்மாவும் எரிபொருளும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்று தவித்த நாள்களில், கைக்குழந்தைகளோடு சில தமிழ்க் குடும்பங்கள் படகேறி வந்தன. இதே அரிச்சல்முனைக்கு அருகே மணல்திட்டில் அவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள். கடலோரக் காவல் படையினர் அவர்களை மீட்டார்கள். பிறகு மண்டபம் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த சில நாள்களில், ஏப்ரல் தொடக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் மால்தா தீவுக்குப் பயணம் செய்தார். கடலில் தத்தளித்து வருபவர்களை, அன்று பவுலை ஏற்றுக்கொண்டதுபோல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அந்தப் பயணத்தில் அவர் விடுத்த அழைப்பு. மால்தாவும் தனுஷ்கோடியும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். ஆனால் நற்செய்தியின் வரைபடத்தில் அவை அடுத்தடுத்த ஊர்கள்.

அன்பிற்குரியவர்களே, நம் ஊருக்கும் பயணிகள் வருகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். தூணைப் படம் எடுக்கிறார்கள், கதவைப் படம் எடுக்கிறார்கள். அந்தத் தூணைத் துடைத்து வைத்த அம்மாவை அவர்களுள் எத்தனை பேர் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? பார்க்கப்படாமல் போவது எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். தெரிந்த நாம், பயணியாகப் போகும் இடத்தில் எப்படிப் பார்க்கப் போகிறோம்?

எனவே இந்த விடுமுறையில் மூன்று காரியங்களை நாம் செய்வோம்.

முதலாவது, போகும் இடத்தில் கட்டடத்தைப் பார்ப்பதற்குமுன் ஒரு மனிதரிடமாவது பேசுவோம். பெயர் கேட்போம், நம் பெயரையும் சொல்வோம். பத்து ரூபாய் பாசிக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசாமல் வாங்குவோம். நாம் கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டிலையும் இலையையும் நாமே திரும்ப எடுத்து வருவோம். நமக்கு அது ஒருநாள் சுற்றுலா. அங்கே இருப்பவர்களுக்கு அது வீட்டு முற்றம்.

இரண்டாவது, நம்மிடம் வந்திருக்கும் அந்நியரைத் தேடிப் பார்ப்போம். காரைக்குடியில் கட்டட வேலைக்கும் உணவகத்துக்கும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முகாம்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக அகதி என்ற பெயரோடு வாழும் ஈழத்துச் சொந்தங்கள் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் மொழியோ பேச்சு வழக்கோ நமக்குப் புரியாமல் இருக்கலாம். மால்தாக்காரர்களுக்கும் பவுலின் மொழி புரியவில்லை. தீ மூட்ட மொழி தேவைப்படவில்லை. இந்த மாதம் ஒவ்வோர் அன்பியமும் அப்படி ஒரு குடும்பத்தையாவது ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அழைக்கட்டும். அவர்கள் நம்மை அழைத்தால் தட்டாமல் போவோம், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுவோம். ஏழையிடம் பெற்றுக்கொள்வதும் அறச்செயலே.

மூன்றாவது, நம் குழந்தைகளுக்கு அந்த ஊற்றின் ஒழுங்கைச் சொல்லிக்கொடுப்போம். தேவைக்கு எடு, பொறுத்திரு, அடுத்தவருக்கு விட்டுவை. தண்ணீருக்கு மட்டும் பொருந்தும் பாடம் அல்ல இது. பணத்துக்கும் பொருந்தும், உறவுக்கும் பொருந்தும். ஒருவருடைய அன்பை மேலும் மேலும் தோண்டி உறிஞ்சினால், அங்கும் உப்புதான் ஏறும். துன்பத்தால் சூழப்பட்ட மனிதர் எல்லாரும் கசந்துபோவதில்லை. இரண்டு பக்கமும் உப்பு இருந்தும், மேலிருந்து இறங்கிய மழையைத் தன்னுள் காத்து வைத்திருக்கும் மணல் உண்டு. வேண்டுதலால் இதயத்தில் அருளைக் காத்து வைத்திருப்பவர்களும் அப்படித்தான். நம் பங்கில் கணவரை இழந்து பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மாரை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் போய்ப் பேசினால் கசப்பு வருவதில்லை, ஆறுதல்தான் வருகிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும்.

செபிப்போம்.

எங்கள் அன்புத் தந்தையே, புயலில் உடைந்த கப்பலிலிருந்து பவுல் அடியாரை ஒரு தீவின் அன்புக்குள் கொண்டுவந்து சேர்த்தீரே, உமக்கு நன்றி. தனுஷ்கோடிப் புயலில் உயிரிழந்த அனைவருக்கும் நிலையான இளைப்பாற்றியைத் தாரும். அந்த மணலில் இன்றும் வாழும் மீனவக் குடும்பங்களைக் காத்தருளும். கடலுக்குப் போகும் அவர்கள் ஆண்மக்கள் எல்லையில் அல்லலுறாமல் கரை திரும்பச் செய்யும். விடுமுறையில் பயணம் செய்யும் எங்கள் குடும்பங்களை நலமுடன் அழைத்துச் சென்று நலமுடன் கொண்டுவாரும். நாங்கள் தேடிப் போகாத இடத்தில் நீர் எங்களுக்காக வைத்திருக்கும் மனிதரைக் காணக் கண்களைத் திறந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.